டிரைவர் மாமா

அவருக்குச் சைக்கிளைத் தவிர வேறு வண்டி ஓட்டத் தெரியாது. ஆனாலும் சிதம்பரம் மேல வீதியை ஒட்டிய சந்துகளில் டிரைவர் எங்கே என்று கேட்டால், அவர் உட்கார்ந்திருக்கும் மாடியைத்தான் கை காட்டுவார்கள். குமராட்சிப் பக்கம் மினி பஸ் விட்டிருந்த ஒருவர் டீக்கடையில் அப்படிக் கேட்டு, காட்டிய கையை நம்பி, படியேறி வந்துவிட்டார். நான் அப்போது அங்கே இருந்தேன்.

“டிரைவர் நீங்கதானா சார்?”

“ஆமா. என்னா பிரச்சன?”

“ரெண்டு நாளா வண்டி நிக்குது சார். காலைல அஞ்சரைக்கு மொத ட்ரிப்பு எடுக்கணும்.”

“நிக்குதுன்னா எப்படி? ஆன் ஆவுதா?”

“அதெல்லாம் ஆவுது சார்.”

“புதுசா ஏதாவது மாட்டுனீங்களா உள்ள?”

மினி பஸ்காரர் கொஞ்சம் யோசித்தார். “முன்னாடி ஒரு முருகர் படம் மாட்டியிருக்கோம்.”

அங்கே தட்டச்சு வேலை பார்த்த செல்வி மேஜை மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. வந்தவர் கீழே இறங்கிப் போன பிறகும், “தெளிவா சொல்லத் தெரியல பாரு அந்த ஆளுக்கு” என்று வருத்தப்பட்டார்.

அவர் டிரைவர் ஆன காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். கணினிக்குள் படத்தைத் திரைக்கு அனுப்பும் அட்டை ஒன்று இருக்கிறது. கிராபிக்ஸ் கார்டு என்பார்கள். அந்தக் கார்டோடு பேசத் தெரிந்த மென்பொருளுக்கு டிரைவர் என்று பெயர். அது இல்லாவிட்டால் எழுத்துகள் பூசணிக்காய் அளவுக்கு வரும். அல்லது திரை நடுங்கும். அல்லது ஒன்றுமே வராது. விண்டோஸில் ஒரு சிடியைப் போட்டால் வேலை முடிந்தது. விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸில் அன்றைக்கு அப்படி இல்லை. திரையின் அலங்காரங்களை எல்லாம் அணைத்துவிட்டு, கறுப்பில் வெள்ளை எழுத்து மட்டும் தெரியும் இடத்துக்கு இறங்க வேண்டும். அங்கே கட்டளைகளை ஒவ்வொன்றாக அடித்து, அந்த டிரைவரை அந்தக் கணினிக்கென்றே கட்ட வேண்டும். லினக்ஸின் அடிப்பகுதி புதுப்பிக்கப்பட்டால் கட்டியது உடைந்துபோகும். மறுபடியும் முதலிலிருந்து. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையில் இந்த வேலையைப் பயமில்லாமல் செய்த வேறு ஒருவரை எனக்குத் தெரியாது.

நான் அவரை முதலில் பார்த்தது 2006 ஜூன் 11, ஞாயிற்றுக்கிழமை. புவனகிரியில் ஒரு பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். வெள்ளாற்றில் தண்ணீர் ஏறிய நாட்களைப் பழைய பதிவேடுகளிலிருந்து எடுத்து வரிசைப்படுத்தும் வழக்கம் எனக்கு இருந்தது. அதற்காகவே லினக்ஸ் போட்ட பழைய கணினி ஒன்றை வாங்கி வைத்திருந்தேன். திரை கறுத்துப் போனது. கடைக்காரர் கார்டு செத்துவிட்டது என்றார். யாரோ இவரைச் சொன்னார்கள்.

வந்தவர் கணினியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, “கார்டு நல்லாத்தான் இருக்கு. டிரைவர்தான் சரியில்ல” என்றார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடத் தொடங்கின. ஒவ்வொரு வரியையும் அவர் வாய்விட்டுப் படித்தார். ஆங்கிலம் அவருக்குப் பத்தாம் வகுப்பு வரைக்கும்தான். எழுத்துக்கூட்டித்தான் படித்தார். ஆமா, இல்லை என்று ஒரு கேள்வி வந்தபோது விரலை எண்டர் பட்டனின் மேல் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“நீங்க ஒருதடவ பாருங்க.”

“எனக்கு இதெல்லாம் தெரியாதே.”

“தெரிய வேணாம். நான் படிச்சதும் அங்க இருக்கறதும் ஒண்ணான்னு மட்டும் பாருங்க. ஒத்தக் கண்ணு ஏமாந்துரும்.”

பார்த்தேன். ஒன்றாகத்தான் இருந்தது. எண்டரைத் தட்டினார். திரை இரண்டு முறை கண்ணை மூடித் திறந்து தெளிவாக வந்தது. அப்புறம் ஒரு சோதனை. பல் வைத்த மூன்று சக்கரங்கள், சிவப்பு, பச்சை, நீலம், ஒன்றையொன்று கடித்துக்கொண்டு சுற்றும். டிரைவர் சரியாக உட்கார்ந்ததா என்று பார்ப்பதற்காக லினக்ஸில் இருந்த சின்ன நிரல் அது. அதைக் கால் மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். நானும் பார்த்தேன். நான்கு ஸ்பூன் சர்க்கரை போட்ட டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

இரண்டு வருடத்தில் நான் அவருக்கு மச்சான் ஆனேன், அவர் எனக்கு மாமா. உறவு ஒன்றும் கிடையாது. அவர் கடலூர்ப் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர். அப்பாவும் அண்ணனும் கடலுக்குப் போனவர்கள். இவருக்குக் கட்டுமரத்தில் ஏறினால் தலைசுற்றும் என்பதால் ரேடியோ ரிப்பேருக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து டிவி, டிவியிலிருந்து கணினி. ஒரு பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியில் லினக்ஸைக் கண்டுபிடித்தார்.

அவருடைய தீர்ப்பு கணினிக்கு மட்டும் என்று நினைக்கக் கூடாது. அவர் குடியிருந்த வீட்டுக்காரர் பையன் பத்தாம் வகுப்பில் இரண்டாவது தடவையும் தவறியபோது, “பையன் நல்ல பையன். சொல்லிக் குடுக்கற டிரைவர் சரியில்ல” என்றார். மிக்ஸி, தண்ணி மோட்டார், பக்கத்து வீட்டுப் புருஷன் பெண்டாட்டி எல்லாவற்றுக்கும் அதே பேச்சு. உள்ளே இருப்பது ஒருபோதும் கெடாது. நடுவில் நின்று பேசுவதில்தான் கோளாறு. அவர் மனைவி தையல் மெஷினில் உட்கார்ந்தபடியே பதில் சொல்வார்.

“நல்லவேள, என்னக் கட்டி பதினேழு வருசம் ஆச்சு. இல்லன்னா இவளுக்கும் ஒரு புது டிரைவர் போட்டுப் பாப்போம்னு கெளம்பியிருப்பாரு.”

“உனக்கு கம்பெனி சப்போர்ட்ட நிறுத்திட்டாங்கடி. பழைய மாடல்.”

“சிரிங்க. மாத்திர போட்டீங்களா?”

சர்க்கரை நோய் அவருக்கு இருந்தது. மாத்திரை இருந்தது. இரண்டும் சந்திப்பது அபூர்வம்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் அந்த அம்மாள்தான் சொன்னார். மாமா வீட்டில் இல்லாத நேரம். மாமாவின் அண்ணன் மகன் அவர்கள் ஊரில் ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தான். இரண்டு கணினிகள். 2004 டிசம்பரில் கடல் உள்ளே வந்தபோது சாத்திய கடைக்குள் இருந்தவன் வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் இவர் கடையைத் தோண்டினார். சேற்றிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து, கார்டைக் கழற்றி, நல்ல தண்ணீரில் பல் விளக்கும் பிரஷால் கழுவி, மாடியில் ஒரு வாரம் காயவைத்தார். மாட்டினால் திரை வரவில்லை. தூக்கிப் போடச் சொன்னார்கள். இரண்டு மாதம் வேறு வேறு டிரைவர்களைப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் வந்துவிட்டது.

“வந்தப்ப கத்தல கித்தல. சும்மா பாத்துக்கிட்டே இருந்தாரு. நான் சோத்த வச்சிட்டுத் தூங்கப் போயிட்டேன்” என்றார் அந்த அம்மாள். பாவாடைத் துணியைத் திருப்பிப் போட்டு மெஷினை மிதித்தார்.

அந்தக் கார்டு 2009 வரைக்கும் மேல வீதி மாடியில் அவருடைய சொந்தக் கணினியில் ஓடியது. அந்த மாடி ஒரு டிடிபி சென்டர். கல்யாணப் பத்திரிகை, பல்கலைக்கழகப் பிள்ளைகளின் ஆய்வேடு. திருட்டு விண்டோஸுக்குச் சோதனை வருகிறது என்ற பேச்சில் பயந்து, முதலாளி எல்லாக் கணினிகளையும் லினக்ஸுக்கு மாற்றியிருந்தார். அதைப் பார்த்துக்கொள்ள இவர், தட்டச்சுக்குச் செல்வி. செல்வி கிள்ளையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். முப்பது வயது, இரண்டு பிள்ளைகள், யாருக்கும் பயப்படாத வாய்.

அவருடைய கண்ணைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடலூரில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலை செய்த நான்கு பேருக்கும் தலைவலி. வெயில் என்றார்கள், மருந்து வாடை என்றார்கள். என்னையும் கூட அழைத்துப் போயிருந்தார். அங்கிருந்த கணினியைப் பார்த்ததும், “திரை நடுங்குது” என்றார். நாங்கள் ஐந்து பேரும் உற்றுப் பார்த்தோம். நடுங்கவில்லை. அவர் டிரைவரை மாற்றி, திரை நொடிக்கு அறுபது தடவை புதுப்பிப்பதை எண்பத்தைந்து ஆக்கினார். அப்போதுதான் தெரிந்தது, இத்தனை நாள் நடுங்கிக்கொண்டிருந்தது என்று. தலைவலி போனது. பஸ்ஸில் திரும்பும்போது எனக்குக் கூச்சமாக இருந்தது. பழைய பதிவேட்டில் ஒரு தேதி தப்பாக இருந்தால் கண்டுபிடிக்கிறவன் என்று என்னைப் பற்றி எனக்கு ஓர் எண்ணம். கண் முன்னால் நடுங்கியதைப் பார்க்கவில்லை.

2009 மார்ச் 12 அன்று என் குறிப்பேட்டில் ஒரு வரி இருக்கிறது: ‘மாமாவின் திரையில் கோளாறு. வலது பக்கம் கோடு வளைகிறதாம்.’

பழைய டிரைவரைக் கழற்றிப் புதியதைப் போட்டார். வளைந்தது. புதியதைக் கழற்றி அதற்கும் முந்தியதைப் போட்டார். திரையின் அளவுகளை எழுதி வைக்கும் கோப்பைத் திறந்து எண்களை ஒவ்வொன்றாக மாற்றினார். கல்யாண சீசன், வேலை குவிந்து கிடந்தது. அதையெல்லாம் ஒதுக்கிவிட்டு இதிலேயே உட்கார்ந்திருந்தார். “கடல் தண்ணி குடிச்ச கார்டு. அதுக்கு ஒண்ணும் ஆவல. புது டிரைவர்ல எவனோ கைய வச்சிட்டான்” என்றார்.

ஏப்ரல் 17, வெள்ளிக்கிழமை. என் வெள்ளக் குறிப்புகளைச் சிறு நூலாக்கச் செல்வியிடம் கொடுத்திருந்தேன். பிழை திருத்தப் போயிருந்தேன். அவர் சக்கரங்களை ஓடவிட்டுத் திரைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்திருந்தார்.

“செல்வி, இங்க வா. பச்சச் சக்கரத்துல பல்லு வளையுதா இல்லியா?”

செல்வி வந்தாள். குனிந்து பார்த்தாள். “இல்ல சார். நேராத்தான் இருக்கு.”

“நல்லா பாரு. வலது பக்கம்.”

“வலது, இடது எல்லாம் பாத்துட்டேன். வளையல. உங்களுக்குத்தான் சார் ஏதோ. கண்ணாடி கிண்ணாடி போட்டுப் பாருங்க.”

“இவளுக்கு எழுத்தத் தவிர எதுவும் தெரியாது. மச்சான், நீ வா.”

நாற்காலியிலிருந்து எழுந்து எனக்கு இடம் விட்டார். உட்கார்ந்தேன். மூன்று சக்கரங்களும் சுற்றின. பச்சைச் சக்கரத்தின் பற்கள் ஒவ்வொன்றும் சிவப்பின் இடுக்கில் சரியாக இறங்கி ஏறின. அணுவளவும் வளைவு கிடையாது. செல்வி இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அவர் என் தோளுக்கு மேல் குனிந்திருந்தார். கடலூர் ஸ்டுடியோ எனக்கு ஞாபகம் வந்தது. அங்கேயும் நான் இப்படித்தான் பார்த்தேன், இப்படித்தான் எதுவும் தெரியவில்லை.

“லேசா வளையிற மாதிரிதான் இருக்கு மாமா” என்றேன்.

“பாத்தியா? மச்சானே சொல்றாரு.”

செல்வி தன் இடத்துக்குப் போனாள். விசைப்பலகைச் சத்தம் சற்று பலமாகக் கேட்டது. அன்றைக்கு என் குறிப்பேட்டில் பிழை திருத்திய பக்கங்களின் எண்ணிக்கை மட்டும் இருக்கிறது.

அதன் பிறகு அவருக்கு ஒரு வேகம் வந்துவிட்டது. கார்டு கம்பெனிக்கு எழுத்துக்கூட்டி ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதினார். ‘என்னைத் தவிர இன்னொருவரும் பார்த்திருக்கிறார்’ என்ற வரியை என்னிடம் காட்டி, இலக்கணம் சரியா என்று கேட்டார். திருத்திக் கொடுத்தேன். ஜூனில் கடலூருக்குப் போய் வேறு கார்டு வாங்கி வந்தார். வேறு கம்பெனி, வேறு டிரைவர். அதிலும் வளைந்தது. “இவனும் அவன்கிட்டேர்ந்துதான் காப்பி அடிக்கறான்” என்றார். ஜூலையில் வளைவுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு புள்ளி இருப்பதாகச் சொன்னார். மனைவி கண் டாக்டரைப் பற்றிப் பேசியபோது, “கண்ணுல என்னா? மச்சான் கண்ணுலயுமா கோளாறு?” என்று கேட்டாராம். இதை அந்த அம்மாளே என்னிடம் சொன்னார், சாதாரணமாக. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். அடுத்த வாரம் சொல்லலாம் என்று நினைத்தேன். அடுத்த வாரமும் அதையே நினைத்தேன்.

ஆகஸ்ட் 20, வியாழக்கிழமை மதியம். மூன்றாவது கார்டுக்கு டிரைவர் கட்டிக்கொண்டிருந்தார். பாதியில் மின்சாரம் போனது. யுபிஎஸ் பேட்டரி எப்போதோ செத்திருந்தது. திரை அணைந்தது. மின்விசிறி நின்றது. செல்வி சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். அவர் நாற்காலியில் சாய்ந்து எதிர்ச் சுவரைப் பார்த்தார். அங்கே ஓர் உரக்கடை கொடுத்த மாதக் காலண்டர் தொங்கியது. கறுப்புக் கோட்டில் கட்டம் கட்டமாகத் தேதிகள்.

இடது கண்ணைக் கையால் பொத்தினார். எடுத்தார். வலது கண்ணைப் பொத்தினார். எடுத்தார். எழுந்து போய்க் காலண்டரின் கோட்டை விரலால் மேலிருந்து கீழே தடவினார்.

“செல்வி.”

“சார்.”

“இந்தக் கோடு நேரா இருக்கா?”

“நேராத்தான் சார் இருக்கு.”

என்னைக் கேட்கவில்லை. நான் மூன்றடி தூரத்தில்தான் நின்றிருந்தேன். அவர் வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, “காலண்டருக்கு எந்த டிரைவரப் போடுறது” என்றார். செல்வி சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை பாண்டிச்சேரிக்கு ஒரு கண் மருத்துவமனைக்குப் போனோம், அவர், மனைவி, நான். மருந்து ஊற்றி இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார்கள். உள்ளே கூப்பிட்ட டாக்டர் வயதில் சிறிய பெண். சர்க்கரையால் விழித்திரையின் நடுவில் நீர் கோத்துவிட்டது என்றார். எவ்வளவு நாளாக என்று கேட்டார்.

“அதெல்லாம் மச்சான் எழுதி வச்சிருப்பாரு” என்று என்னைக் காட்டினார்.

குறிப்பேட்டைத் திறந்தேன். மார்ச் 12 என்றேன்.

“மார்ச்சா?” டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். “ஏப்ரல்ல வந்திருந்தாக்கூட லேசர் போட்டு நிறுத்தப் பாத்திருக்கலாமே. வலது கண்ல நடுப்பார்வை போயிடுச்சு. இனிமே வராது. இடது கண்ணுலயும் ஆரம்பிச்சிருக்கு. இத்தன நாள் என்ன பண்ணீங்க?”

அவர் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். ஏப்ரல் 17-லிருந்து ஆகஸ்ட் 20 வரை நூற்றிருபத்தைந்து நாட்கள். அந்த அறையிலேயே மனதுக்குள் எண்ணிவிட்டேன். எண்ணாமல் இருக்க எனக்குத் தெரியவில்லை.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் மனைவி, நடுவில் அவர், இந்தப் பக்கம் நான். மருந்து ஊற்றிய கண்களுக்குக் கறுப்பு அட்டைக் கண்ணாடி கொடுத்திருந்தார்கள். கடலூர் பஸ் நிலையத்துக்கு முன்னால், கெடிலம் பாலத்தில் வண்டி ஊர்ந்தபோது கேட்டார்.

“அன்னிக்கு நீ பாத்தப்ப நெசமாவே வளஞ்சுதா?”

“இல்ல மாமா.”

தலையை ஆட்டினார். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் மனைவிக்குக் கேட்டதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த அம்மாள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் என்னை ஒதுக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். என் நூல் வந்தபோது சந்தோஷப்பட்டார். 2011 கடைசியில் அடித்த புயலில் என் வீட்டு ஓடு பறந்தபோது தார்ப்பாயோடு முதலில் ஆளனுப்பியவர் அவர்தான். மச்சான் என்றுதான் கூப்பிட்டார். டீ வாங்கிக் கொடுத்தார். லேசர் போட்டும் இடது கண் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது. 2012 தொடக்கத்தில் ஆள் நிற்பது தெரியும், முகம் தெரியாது. திரை எரிவது தெரியும், எழுத்து தெரியாது. ஆனாலும் வேலைக்கு வந்தார். கட்டளைகள் விரலில் இருந்தன. திரையில் வருவதைச் செல்வி படிப்பாள், இவர் அடிப்பார். “எழுத்தத் தவிர எதுவும் தெரியாதுன்னு சொன்னீங்கல்ல? இப்ப எழுத்துதான் வேணும்” என்று அவள் குத்துவாள். “அதான் சம்பளம் குடுக்கறாங்க, படி” என்பார்.

நான் கடைசியாக அங்கே போனது அந்த வருடம் ஜூலை 18, புதன்கிழமை. தினமும் பல மணி நேரம் மின்சாரம் இல்லாத காலம். மூன்று மணிக்குப் போய்விடும் என்று பயந்து எல்லோரும் அவசரப்படுவார்கள். நான் படியேறியபோது இரண்டே கால். செல்வி மாத்திரை வாங்கக் கீழே போயிருந்தாள். அவர் மட்டும் கணினி முன் உட்கார்ந்திருந்தார்.

“யாரு, மச்சானா? உக்காரு.”

உட்கார்ந்தேன். கறுப்புத் திரையில் டிரைவர் கட்டி முடிந்து, ஒரு கேள்வி வந்து நின்றிருந்தது. ஆமா, இல்லை. எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அவர் இரண்டு கைகளையும் மடியில் வைத்திருந்தார். என் மகள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாளா என்று கேட்டார். சேர்ந்துவிட்டாள் என்றேன். வெள்ளாற்றில் மணல் அள்ளுவதைப் பற்றிக் கொஞ்சம் பேசினோம். இரண்டரை ஆனது. இரண்டே முக்கால் ஆனது. இப்போது மின்சாரம் போனால் கட்டியதெல்லாம் போய்விடும்.

“மாமா, நான் படிக்கட்டுமா?”

“இல்ல, பரவால்ல” என்றார். “செல்வி வந்துருவா.”